தட்டில் பதியும் நேரக் கணக்கு

ரங்கூனில் பழுதான கணினிகளிலிருந்து கணக்குகளையும் படங்களையும் மீட்டுக் கொடுக்கும் பட்டறையில் நெடுங்காலமாக வேலை பார்க்கிறேன். நம் தமிழ்க் கடைகளிலிருந்தும் கோயில் நிர்வாகங்களிலிருந்தும் டிஸ்குகள் வந்துகொண்டே இருக்கும். தொழில் கற்க வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது, ஹார்ட் டிஸ்கின் தட்டில் தரவு மட்டும் பதிவாவதில்லை, அதை எந்தக் கணத்தில் படிக்க வேண்டும் என்கிற நேரக் கணக்கும் கூடவே பதிவாகிறது என்பதைத்தான்.

இதை விளக்க, 1980-இல் வந்த எஸ்.டி. 506 வகைப் பழைய டிஸ்குகளே இன்றைக்கும் ஏற்றவை. அவற்றின் தட்டு நிமிடத்துக்கு 3600 முறை சுழன்றது. நொடிக்கு 50 லட்சம் பிட் பதிவானது. எட்டு பிட் ஒரு பைட் என்று வகுத்துப் பார்த்தால் ஒரு சுற்றுக்கு, அதாவது ஒரு டிராக்குக்கு, 10,416 பைட் இடம் கிடைக்கும். ஆனால் பி.சி.களில் அதற்குள் செக்டர் எனப்படும் 512 பைட் துண்டுகள் 17-தான், அதாவது 8,704 பைட்டே, இருந்தன. “அப்படியானால் மீதி 1,700 பைட் வீண்தானே, அண்ணே?” என்று பட்டறைப் பையன் ஒருவன் கேட்டான். இந்தத் தொழிலின் பாதி அந்தக் கேள்விக்கான பதிலில் அடங்கியிருக்கிறது.

தட்டின் மேல் 0, 1 என்ற எழுத்துகள் கிடையாது. காந்தத் திசை மாறும் இடங்கள்தான் உண்டு, அவற்றைத்தான் தட்டைப் படிக்கும் முனையான ஹெட் உணரும். மாற்றமே இல்லாத நீண்ட இடைவெளி வந்தால், அதற்குள் எத்தனை பிட் கடந்தன என்று அறிய வழியில்லை. பாடகர் நிறுத்திய இடத்திலும் தாளம் போடும் கை ஓய்ந்துவிடக் கூடாது என்பது போன்ற கட்டாயம் இது. ஆகவே எம்.எஃப்.எம். என்னும் அந்தக் காலப் பதிவு முறையில் இரண்டு 0 அடுத்தடுத்து வந்தால், அவற்றுக்கு நடுவே கடிகாரத்துக்கென்றே ஒரு திசைமாற்றம் எழுதப்பட்டது. செக்டரின் தலைப்பில் வெறும் 0 பைட்டுகள் வரிசையாக நிற்கும். அவை தரும் சீரான துடிப்பைப் பிடித்துக்கொண்டு, படிக்கும் மின்சுற்று தன் கடிகாரத்தைத் தட்டின் வேகத்தோடு பொருத்திக்கொள்ளும். துடிப்பு பிடிபட்ட பிறகும் பைட் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று தெரிய வேண்டுமே. அதற்காக ஏ1 என்ற பைட்டை, வர வேண்டிய ஒரு கடிகார மாற்றத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டு எழுதினார்கள். விதிப்படி எழுதிய தரவில் அந்த வடிவம் வராது என்பதால், அதைக் கண்டதும் தொடக்கம் இதுதான் என்று மின்சுற்று தெரிந்துகொள்ளும். விதியை மீறியே ஓர் அடையாளத்தை உண்டாக்கிய அந்த யோசனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை.

செக்டர்களுக்கு இடையிலுள்ள வெற்றிடமும் வீணன்று. எழுதும்போது தட்டு சற்றே வேகமாகச் சுழன்றால் அதே 512 பைட் கூடுதல் நீளத்தைப் பிடிக்கும். வெற்றிடம் இல்லையென்றால் அது அடுத்த செக்டரின் தலைப்பை அழித்துவிடும். ஜெனரேட்டர் மின்சாரத்தால் இப்படி வேகம் மாறித் தரவு கெடுகிறது என்று இங்கே கடைக்காரர்கள் சிலர் நம்புகிறார்கள். மோட்டார் தன் வேகத்தைத் தானே கட்டுப்படுத்திக்கொள்வதால் அந்தக் கவலை தேவையில்லை. எழுதிக்கொண்டிருக்கும் கணத்தில் மின்சாரம் அறுபடுவதுதான் ஆபத்து; பாதி புதிதும் பாதி பழையதுமாக நின்றுவிட்ட செக்டரைப் பிழை திருத்தும் குறியீடு ஏற்காது. மின்வெட்டு மிகுந்த நம் ஊரில் யு.பி.எஸ். இல்லாமல் கணக்கு எழுத வேண்டாம் என்று எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன்.

பிற்கால டிஸ்குகளில், ஹெட்டுக்கு வழிகாட்டும் சர்வோ குறிகளைத் தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு டிராக்கிலும் இடைவிட்டு எழுதிவிடுகிறார்கள். நாம் செய்யும் ஃபார்மட் அவற்றைத் தொடுவதில்லை. டிஸ்கிலிருந்து ‘டக் டக்’ என்று ஓசை வந்தால், பெரும்பாலும் ஹெட் அந்தக் குறிகளைப் படிக்க முடியாமல் திரும்பத் திரும்பத் தேடுகிறது என்று பொருள். தரவு அப்போதும் தட்டில் நலமாக இருக்கக்கூடும். ஆகவே உடனே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும்.

2010-ஐ ஒட்டி 4096 பைட் செக்டர்கள் பரவலாயின. எட்டுச் செக்டர்களுக்குத் தனித்தனியே தேவைப்பட்ட வெற்றிடமும் தலைப்பும் ஒன்றாகச் சுருங்கியதால் இடம் மிச்சமானது; பிழை திருத்தும் வலுவும் கூடியது. ஆனால் விண்டோஸ் எக்ஸ்.பி. போட்ட கணினிகளில் இந்தப் புதிய டிஸ்குகளை மாட்டியவர்கள், கணக்கு எழுதும் மென்பொருள் மிக மெதுவாக ஓடுகிறது என்று எங்களிடம் வந்தார்கள். கணினி செக்டர்களைப் பழையபடி 512 பைட் கணக்கிலேயே எண்ணும்; எக்ஸ்.பி. டிஸ்கின் முதல் பாகத்தை (பார்ட்டிஷன்) 63-ஆம் செக்டரில் தொடங்கும்; 63 எட்டால் வகுபடாது. அதனால் கணினி எழுதும் ஒவ்வொரு 4096 பைட் தொகுதியும் தட்டில் இரண்டு செக்டர்களின் மேல் விழும். அவற்றில் பழையதைப் படித்து, புதியதைச் சேர்த்து, அதே இடம் ஹெட்டுக்கு அடியில் மறுபடி வரும்வரை ஒரு முழுச் சுற்று காத்திருந்துதான் டிஸ்க் எழுத முடியும். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி. ஆயிரக்கணக்கான பதிவுகள் சேரும்போது காத்திருப்பு கண்ணுக்கே தெரியும். பாகத்தை 2048-ஆம் செக்டரில் தொடங்கும்படி மாற்றினால் தாமதம் நீங்கிவிடும். எங்கள் பட்டறையில் டிஸ்க் மாற்றுகிறவர்கள், அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியை மூடுகிறார்கள்.