கணக்கெடுப்பில் வெறும் ‘1’

மருமகளின் தாய்வழி முன்னோர்களைத் தேட ஆரம்பித்து இது நான்காவது மாதம். வட கரோலினாவில் நிலம் வைத்திருந்த குடும்பம். என் பேத்திக்கு இரண்டு பக்கத்து வேரும் தெரிய வேண்டும், அதற்காக இறங்கினேன்.

1850 வரை சுலபமாகப் போய்விட்டேன். அடிமைகளைத் தவிர வீட்டிலுள்ள எல்லார் பெயரையும் முதன்முதலாக எழுதிய அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதுதான். அதற்கு முன்னால் குடும்பத் தலைவர் பெயர் மட்டும் இருக்கும், மற்றவர்கள் வயதுக் கட்டங்களுக்குள் எண்கள். 1820-இல் ரோவன் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) அந்த வீட்டில் ‘பெண், 26 முதல் 45 வரை: 1’. நான் தேடுவது அவரைத்தான்.

1830-இல் ரோவனில் அந்தக் குடும்பமே இல்லை. டென்னசி பக்கம் போயிருப்பார்கள் என்று மூன்று வாரம் அங்கே தேடினேன். அவர்கள் எங்கேயும் போகவில்லை. 1822-இல் ரோவனிலிருந்து டேவிட்சன் கவுண்டியைப் பிரித்தபோது நிலம் அந்தப் பக்கம் விழுந்துவிட்டது. தேடுகிறவர்கள் கவுண்டி எப்போது பிரிந்தது என்பதை முதலில் பாருங்கள்.

அப்புறம் பத்திரங்கள். ஃபேமிலிசர்ச் தளத்தில் பழைய பதிவேடுகளின் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. வாங்கியவர் பட்டியலில் ஒன்றும் இல்லை. விற்றவர் பட்டியலில் இருந்தது: கணவனும் மனைவியுமாக, அவளுடைய அப்பாவழிப் பங்கை அவள் அண்ணனுக்கு விற்ற பத்திரம். செக்குபந்தி வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, ‘போல்’ (pole) என்ற பழைய நில அளவில் நீள்கிறது. ஒரு போல் 16.5 அடி. நிலம் மனைவியுடையது என்பதால், கணவன் இல்லாத இடத்தில் அவளைத் தனியாக விசாரித்து, சம்மதம்தானா என்று கேட்டுப் பதிந்திருக்கிறார்கள். அங்கே நான் தேடிய அந்தப் பெண்ணின் பெயர். பக்கத்தில் கைநாட்டாக ஒரு பெருக்கல் குறி. குமாஸ்தா பார்த்து எழுதிய நகல்தான், ஆனாலும் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்திரத்தில் அப்பாவின் பெயர் இருந்ததால் அவர் உயில் சீக்கிரமே கிடைத்துவிட்டது. மகளுக்கு இறகு மெத்தை ஒன்று, பசு ஒன்று. அதே வரியில் ஓர் அடிமைச் சிறுமி. ஊர் இல்லை, பெற்றோர் இல்லை, ஒற்றைப் பெயர் மட்டும். அந்தப் பெயரைப் பக்க எண்ணோடு தனியாகக் குறித்துவைத்தேன். அவள் வழிவந்தவர்கள் யாராவது தேடினால், இப்படி ஓர் உயிலில்தான் அவளைப் பார்க்க முடியும்.

பிறகு மகள் வீட்டின் 1830 பக்கத்தை மறுபடி திறந்தேன். அடிமைகள் கட்டத்தில், ‘பெண், 10 முதல் 24 வரை: 1’. அவளாக இருக்கலாம். அடுத்து அந்த வீட்டின் சொத்துப் பட்டியலைத் தேட வேண்டும்.