நாலு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவுல

என்ன வேலை பண்றீங்கன்னு யாராச்சும் கேட்டா ஒரே மூச்சுல சொல்ல எனக்கு இன்னும் வரல. டியூஷன் சென்டர்னா "எத்தனை மார்க் வாங்க வெப்பீங்க"ன்னு அடுத்த கேள்வி வரும், டிரஸ்ட்டுன்னா நன்கொடை ரசீது புக்க எடுத்துருவேனோன்னு ஆளு மெதுவா நழுவிருவாரு, சோசியல் எண்டர்பிரைஸ்னு சொன்னா எங்க சித்தப்பாவே "அதென்ன சோலி அம்மணி, லாபமா நட்டமா, அதச் சொல்லு மொதல்ல"ங்கறாரு. விசயம் இதுதான். திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போற அம்மா அப்பாவோட புள்ளைங்கள, ஸ்கூல் விட்டதுல இருந்து பெத்தவங்க வீடு வந்து சேர்ற வரைக்கும் நாங்க பாத்துக்கறோம், படிக்க வெக்கறோம், கூடவே பெத்தவங்ககிட்டயும் பேசறோம்.

கேக்க சுலபமாத்தான் இருக்கும். ஆனா திருப்பூர் கணக்கு தெரிஞ்சவங்களுக்குப் புரியும். ஸ்கூல் நாலு மணி சுமாருக்கு விட்டுருது. ஒரு ஷிப்ட்டுன்னா சாயங்காலம் அஞ்சரை, ஆனா ஷிப்மெண்ட் நெருக்கத்துல யாரு ஒரு ஷிப்ட்டோட வர்றாங்க, ஒன்றரை ஷிப்ட் பாத்தாத்தான் வாடகையும் சீட்டுப் பணமும் கட்ட முடியும், அப்போ வீடு வர ஒன்பது ஆயிரும். நடுவுல இருக்கற அந்த அஞ்சு மணி நேரம் யார் கணக்குலயும் இல்ல. ஃபேக்டரீஸ் ஆக்ட் 1948ல பொம்பளைங்க 30 பேருக்கு மேல வேலை செய்யற இடத்துல குழந்தைங்களப் பாத்துக்க தனி ரூம் வெக்கோணும்னு எழுதியிருந்தாங்க, அதுவும் ஆறு வயசுக்குக் கீழ இருக்கற புள்ளைங்களுக்கு. ஆறு வயசு முடிஞ்சா? லைன் வீட்டு வாசப்படிதான், இல்லாட்டி செல்போன்தான். அப்புச்சி அமுச்சி கூட இருந்தா அவங்க பாத்துக்குவாங்க, ஆனா மதுரைப் பக்கம் தேனிப் பக்கம் இருந்து வந்தவங்க, ஒடிசா பீகார்ல இருந்து வந்தவங்க எல்லாம் பெருசுங்கள ஊர்லயே விட்டுட்டுத்தான வந்திருக்காங்க.

நான் இதுக்கு முன்னாடி பனியன் கம்பெனில ஆர்டரப் பாத்துக்கற மெர்ச்சண்டைசரா இருந்தவ. துணி வாங்கற பையர்கிட்ட தேதி சொல்லிட்டு தையல் லைன்ல போயி "அண்ணா இன்னைக்கு நைட் இருந்து முடிச்சுக் குடுத்துருங்க"ன்னு கேக்கறது என்னோட வேலைதான். அந்த நைட்டு யார் வீட்டுப் புள்ளைக்கு சோறு போடறாங்கன்னு அப்ப கேள்வி வரல, வரவேண்டிய எடத்துல நான் உக்காந்திருக்கவும் இல்ல. ஆனா அந்த அனுபவம் இப்ப ரொம்ப உதவுது. எந்த மாசம் நெருக்கடி, எப்ப ஆர்டர் குறையும், தீபாவளி போனஸ் வாங்கிட்டு ஊருக்குப் போன குடும்பம் எப்ப திரும்பும், எல்லாம் தெரியும். புள்ளைங்க வருகையும் அதே மாதிரிதான் ஏறும் இறங்கும். பண்டிகைக்குப் போன பையன் ரெண்டு வாரம் கழிச்சு வந்து உக்காரும்போது கழித்தல்ல கடன் வாங்கறத மறந்துட்டு வருவான், அவன விட்டுட்டுப் போகாத மாதிரி பாடம் வெச்சுக்கோணும்.

இந்த ஊர்ல பேரண்டிங் கிளாஸ் எடுக்கறேன்னு வர்றவங்களுக்குப் பஞ்சமே இல்லீங்க. பிபிடி ஸ்லைடு போட்டு, குழந்தையோட கண்ணப் பாத்துப் பேசுங்க, தினமும் ஒரு மணி நேரம் குவாலிட்டி டைம் குடுங்க, திட்டாதீங்கன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. தப்பா ஒண்ணும் சொல்லல. ஆனா காலைல ஆறு மணில இருந்து ஓடி, பன்னண்டு மணி நேரம் ஓவர்லாக் தையல் மெசின்ல உக்காந்து, இடுப்பு விட்டுப்போயி வர்ற பொம்பளைகிட்ட அந்த ஒரு மணி நேரம் எங்க இருக்குன்னு யாரும் தேடித் தர்றதில்ல. புள்ளைய எப்படி வளக்கோணும்னு தெரியாம யாரும் இல்ல, என் அனுபவத்துல நான் பாத்த வரைக்கும் நேரம்தான் இல்ல. அதனால எங்க வேலைல பாதி, அந்த நேரம் எந்தச் சந்து பொந்துல ஒளிஞ்சிருக்குன்னு தேடறதுதான்.

அப்படித் தேடினதுல கெடச்சதுதான் தண்ணிக் குழாய். லைன் வீடுகள்ல நல்லதண்ணி நாலஞ்சு நாளைக்கு ஒருக்கா வரும், அதுவும் ராத்திரி வந்தா எல்லா அம்மாவும் குடத்தோட அங்கதான் நிப்பாங்க. குடம் நிறையற வரைக்கும் எப்படியும் ஊர்க்கதை, நாயம் பேசித்தான ஆகோணும், அந்த நாயத்துக்குள்ள நாங்க போயி நின்னுக்குவோம். மைக் இல்ல, சேர் இல்ல, தலைப்புக் கூட இல்ல. "ஏனுங் மிஸ், எம்பையன் பொய் சொல்றானுங்க"ன்னு ஒரு அம்மா ஆரம்பிச்சா பக்கத்துல இருக்கற அம்மாவே பதில் சொல்லும், நம்ம சொல்றத விட அது நல்லாவும் இருக்கும். அப்பாக்களுக்கு பேக்கரி. வேலை முடிஞ்சு ஒரு டீ, ஒரு பப்ஸ் சாப்பிட்டு அரை மணி நேரம் நிக்காம எந்த ஆம்பளையும் இந்த ஊர்ல வீட்டுக்குப் போறதில்ல, அங்க எங்க சென்டர்ல இருக்கற தம்பி ஒருத்தர் போயி சேந்துக்குவாரு. மீட்டிங்குன்னு கூப்ட்டா வராத அப்பா, டீ கைல இருக்கும்போது "பாப்பா கணக்குல எப்படிங் தம்பி"ன்னு தானா கேப்பாரு.

சொல்றதும் ரொம்ப சின்னது. "இன்னைக்கு என்ன படிச்ச"ன்னு கேட்டா எந்தப் புள்ளையும் "ஒண்ணுமில்ல"ன்னுதான் சொல்லும், "யார் கூட உக்காந்து சாப்ட்ட"ன்னு கேளுங்க, பத்து நிமிசம் பேசும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவா இருந்தாலும் பரவால்ல, புள்ளைய படிக்கச் சொல்லிட்டு சோறு போட்டுக்கிட்டே கேட்டாப் போதும். வாட்சப்புல வாய்ஸ் நோட்தான் அனுப்புவோம், அதுவும் ஒரு நிமிசத்துக்கு மேல போகாது. ஒடிசாவுல இருந்து வந்த ஒரு அம்மாவுக்கு அந்த நோட்ட மூணாவது படிக்கற அவங்க பையன்தான் ஒடியால மாத்திச் சொல்றான், தன்னப் பத்தின புகார மட்டும் சாமர்த்தியமா விட்டுட்டு. அவன் பேசற கொங்குத் தமிழக் கேட்டா எங்க அமுச்சி தோத்துப்போயிரும்.

அடிக்கற விசயம் மட்டும் கஷ்டம். "நல்லா ரெண்டு சாத்து சாத்துங்க மிஸ், நாங்க ஒண்ணுங் கேக்க மாட்டோம்"னு பாசமாத்தான் சொல்லுவாங்க. ஸ்கூல்ல அடிக்கக் கூடாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டத்துலயே இருக்குன்னு சொன்னா "சட்டங் கெடக்குதுங்க"ம்பாங்க. வீட்ல ஒன்பது மணிக்கு மேல விழற அடிதான் அதிகம்னு பேசப் பேசத் தெரிஞ்சுது, அதனால வீட்டுப்பாடத்த சென்டர்லயே முடிச்சு அனுப்பிடறோம். சண்டைக்கு இருக்கற காரணத்துல ஒண்ணாச்சும் கொறையுதில்ல.

என்னக் கேட்டா, இந்தப் பத்து வருசத்துல வந்த பெரிய பேரண்டிங் உதவி எதுன்னா காலை உணவுத் திட்டத்தத்தான் சொல்லுவேன். 2022 செப்டம்பர்ல மதுரைல ஆரம்பிச்சு, 2023 ஆகஸ்ட்ல எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்துச்சு. அது சாப்பாட்டுத் திட்டம்தான், ஆனா காலைல அடுப்பு முன்னாடி "வெசையா திண்ணு தொலை"ன்னு கத்தற அந்த அரை மணி நேரம் நெறைய வீட்ல காணாமப் போச்சு. அந்த நேரத்துல தலை பின்னிக்கிட்டே கதை பேசற அம்மாவ நான் பாத்திருக்கேன்.

காசு விசயத்துக்கு வர்றேன், சித்தப்பா கேட்டதுதான. செக்சன் 8 கம்பெனியா பதிஞ்சிருக்கோம், லாபத்த யாரும் பிரிச்சு எடுத்துக்க முடியாது. 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிங்க சராசரி லாபத்துல 2 சதவீதம் சிஎஸ்ஆருக்கு, அதாவது சமூகப் பொறுப்பு வேலைக்கு, செலவு பண்ணோணும், அதுல கொஞ்சம் எங்களுக்கும் வருது. வந்தா போட்டோ வேணும், பேனர் வேணும், மார்ச் முடியறதுக்குள்ள ரிப்போர்ட் வேணும். புள்ளைங்க மார்ச்சோட வளந்து முடிஞ்சிருமா என்ன. அதனால பெத்தவங்ககிட்ட வாரா வாரம் சனிக்கிழமை, சம்பளம் வாங்கற அன்னைக்கே ஒரு சின்ன ஃபீஸ் வாங்கறோம். ஏழைங்ககிட்ட காசு வாங்கறதான்னு கேட்டவங்க உண்டு. ஆனா ஃபீஸ் கட்டற அம்மா "போன வாரம் என்ன சொல்லிக் குடுத்தீங்க"ன்னு அதட்டிக் கேக்கும், சும்மா குடுத்தா கும்பிட்டுட்டுப் போயிரும். எனக்கு அதட்டறவங்கதான் வேணும். சொல்லித் தர்ற அக்காங்கள்ல நெறைய பேரு அரசோட இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துல மாசம் 1000 ரூபாய்க்கு தன்னார்வலரா இருந்தவங்க, டிகிரி முடிச்சுக் கல்யாணமாகி வீட்ல இருந்தவங்க. அவங்க சம்பளம்தான் எங்க பெரிய செலவு, அதுல நான் கை வெக்க மாட்டேன்.

இப்ப மண்டைய உடைக்கறது பள்ளி மேலாண்மைக் குழு. சட்டப்படி அதுல நாலுல மூணு பங்கு பெத்தவங்க, பாதி பேரு பொம்பளைங்க இருக்கோணும். எங்க அம்மாக்கள்ல சில பேரு அதுல உறுப்பினர். மீட்டிங் வெக்கறது வேலை நாள் மத்தியானம், போனா அரை நாள் கூலி போகும், போகலைன்னா ஸ்கூல்ல கேள்வி கேக்க ஆள் இருக்காது. மாசத்துக்கு ஒருக்கா ரெண்டு மணி நேரம், சம்பளம் புடிக்காம விடுங்கன்னு எனக்குப் பழக்கமான கம்பெனிங்கள்ல கேட்டுக்கிட்டு இருக்கேன். ஆளுங்க விசயத்தப் பாத்துக்கற ஒரு எச்சார் மேனேஜர் "நல்ல விசயமுங்க மேடம், பண்ணலாமுங்க"ன்னாரு. எப்பங்கன்னேன். "இந்த ஆடிட் முடிஞ்சுரட்டுமுங்க"ன்னாரு. அதுக்கு அடுத்த ஆடிட் வரைக்கும் இழுக்க விட மாட்டேன்.