எழுதத்தான் கேட்டேன்

"எழுதிக்கொள்ளத்தானே கேட்கிறீர்கள், சார்?"

"ஆமாம்மா, எழுதத்தான்" என்றேன். பிறவியிலேயே பாதம் உள்ளே திரும்பியிருக்கும் வளைபாதக் குழந்தைகளுக்குச் சிகிச்சை ஷூவை நாளுக்கு எத்தனை மணி நேரம் போடுகிறார்கள் என்று ஓர் ஆய்வுக்காகப் பெற்றோரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தத் தாயின் முகத்தில் இறுக்கம் தளர்ந்தது. "ராத்திரி முழுக்கப் போடுகிறோம். 10 மணி நேரம்" என்றார். படிவத்தில் 10 என்று எழுதினேன்.

எழுதும்போதே என் கண் குழந்தையின் மடியில் கிடந்த ஷூவின் மேல்தான் இருந்தது. என் அப்பா பேரணாம்பட்டில் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பழகிய தோலுக்கும் பழகாத தோலுக்கும் வித்தியாசம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வாரில் ஒரு மடிப்புகூட இல்லை. கொக்கி ஏறும் துளை குத்தியபடியே வட்டமாக இருந்தது.

வளைபாதத்துக்கு மருத்துவர் இக்னாசியோ பொன்செட்டி வகுத்த முறையில், வாரம் ஒரு மாவுக்கட்டாக ஐந்தாறு கட்டு, தேவைப்பட்டால் குதிகால் தசைநாணில் சின்ன வெட்டு. அதுவரை பொறுப்பு எங்களுடையது. பிறகு கம்பியில் பூட்டிய ஷூ: முதல் 3 மாதம் நாளுக்கு 23 மணி நேரம், அப்புறம் நான்கைந்து வயதுவரை தூங்கும்போது. மாவுக்கட்டில் யாரும் லேசில் கை வைக்க மாட்டார்கள். ஷூவைக் கழற்ற ஒரு பாட்டி போதும். மே மாதத்து வேலூர் இரவில், மின்சாரமும் போய், கால் வியர்த்துக் குழந்தை வீறிடும்போது நானாக இருந்தாலும் கழற்றியிருப்பேன்.

ஆய்வின் கேள்வி, பெற்றோர் சொல்லும் மணிக்கணக்கு என்ன என்பதுதான். என் ஊகத்தை எழுதினால் அது ஆய்வே அல்ல. ஒருவருக்குத் திருத்தினால் எல்லோருக்கும் திருத்த வேண்டும். ஷூவுக்குள் உணர்விக் கருவி வைத்துப் பார்த்த ஆய்வுகளிலும் பெற்றோர் சொன்னதைவிட அணிந்த நேரம் குறைவாகவே இருந்திருக்கிறது. ஆக இது எல்லோருக்கும் தெரிந்த பிழை. இப்படி எனக்கு நானே பலமுறை வாதாடியாகிவிட்டது.

ஆனால் படிவத்துக்கு வெளியே எனக்கு வாய் இருந்ததே? மருத்துவர் அடுத்த அறையில்தான் இருந்தார். "எழுதத்தான்" என்று நான் சொல்லாமல், "சொல்லுங்கம்மா, யாரும் திட்ட மாட்டோம்" என்றிருந்தால்? திட்டுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். நான்கு பேர் முன்னால், "இவ்வளவு செய்தும் வீணாக்கிவிட்டீர்களே" என்று தாய்களைத்தான் திட்டுவார்கள். ஷூவைக் கழற்றிய பாட்டிக்கு அது கேட்காது. அந்த வசவிலிருந்து அவரைக் காப்பாற்றினேன் என்று சில நாள் நினைத்துக்கொள்கிறேன். சில நாள் அப்படி நினைக்க முடிவதில்லை.

எட்டு மாதம் கழித்து அந்தப் பாதம் மறுபடி உள்ளே திரும்பியிருந்தது. மீண்டும் மாவுக்கட்டு. அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார், எப்போதும்போல.

இதில் இன்னொன்றும் உண்டு. கால் வளர வளர ஷூவின் அளவை மாற்றிக் கொடுப்போம். முந்தைய வாரம்தான் புது ஷூ கொடுத்திருந்தால், வார் அப்படித்தான் இருந்திருக்கும்; 10 மணி நேரமும் உண்மையாக இருந்திருக்கும். ஒழுங்காகப் போட்ட குழந்தைகளுக்கும் சில சமயம் பாதம் திரும்புவதுண்டு. ஷூ கொடுத்த தேதி கோப்பில் இருக்கும். கோப்பு எண் எனக்கு மனப்பாடம். இன்னும் எடுத்துப் பார்க்கவில்லை.