7 கட்டையில் ஸட்ஜம் நின்றது

வெள்ளைக் கட்டைகளை மட்டும் வைத்துக் கிரகபேதம் (அதே சுரங்களில் வேறொன்றை ஸட்ஜமாக, அதாவது ‘ஸ’ ஆக வைத்து வேறு ராகம் காண்பது) பழகியதில் கடைசி வரை முரண்டு பிடித்தது 7 கட்டைதான். இந்த வாரம் அதுவும் வழிக்கு வந்துவிட்டது. மகிழ்ச்சி இன்னும் அடங்கவில்லை.

கணக்கு இதுதான். வெள்ளைக் கட்டைகள் 1 (மேற்கத்திய C) முதல் 7 (B) வரை; அரை எண்கள் கறுப்புக் கட்டைகள். 1 கட்டையை ஸட்ஜமாக்கினால் சங்கராபரணம். அதே சுரங்களில் ரிஷபத்தை ஸட்ஜமாக்கினால் கரகரப்பிரியா, காந்தாரத்தை ஆக்கினால் தோடி, மத்யமத்தில் கல்யாணி, பஞ்சமத்தில் அரிகாம்போதி, தைவதத்தில் நடபைரவி. மேற்கத்திய இசை பயில்பவர்கள் டோரியன், ஃப்ரிஜியன் என்று அடுக்குவதும் இந்த வரிசையைத்தான். தாளில் எழுதிவிடலாம். காதில் விழ வேண்டுமானால் சுருதி (பின்னணியில் இடைவிடாமல் ஒலிக்கும் ஆதார ஒலி) வேண்டும். சுருதி இல்லாமல் 2 கட்டையிலிருந்து மேலே ஏறினால் சங்கராபரணத்தை நடுவில் தொடங்கியதாகவே கேட்கும். 2 கட்டைச் சுருதியை ஓடவிட்டு, எதையும் வாசிக்காமல் ஸட்ஜத்தை மட்டும் பாடிக்கொண்டிருந்து, பிறகு கை வையுங்கள். கரகரப்பிரியாவின் சாதாரண காந்தாரம் (சங்கராபரணத்தின் காந்தாரத்தைவிடத் தாழ்ந்தது) தானே எழுந்து வரும். பாடப் புத்தகங்கள் ஆரோகண அவரோகணத்தை அச்சிடுகின்றன, இந்தக் காத்திருப்பைச் சொல்வதில்லை. எனக்கு அதில் கோபம் உண்டு.

7 கட்டையில் இதுவும் பலிக்கவில்லை. அங்கிருந்து எண்ணினால் ஸ, சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பிரதி மத்யமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். மத்யமம் இரண்டு, பஞ்சமம் இல்லை. பஞ்சமத்தின் இடமான 4½ கறுப்புக் கட்டை. சுருதிப்பெட்டியோ ஸ-ப (ஸட்ஜமும் பஞ்சமமும்) என்றே ஒலிக்கிறது. அந்தப் பஞ்சமம் பிரதி மத்யமத்தோடு உரச, காது 1 கட்டைக்கே ஓடிவிடுகிறது. பஞ்சமத்தின் ஒலியை நிறுத்திவிட்டு ஸ-ம (ஸட்ஜமும் சுத்த மத்யமமும்) சுருதி வைத்தேன். நின்றது!

பஞ்சமம் இல்லாததால் கர்நாடக இசையின் தாய் ராகங்களான 72 மேளத்தில் இந்த அடுக்குக்கு இடமில்லை. பழந்தமிழிசையின் ஏழு அடிப்படை அடுக்குகளான நம் ஏழ்பெரும்பாலையில் உண்டு: அவற்றில் முதலான செம்பாலையை அரிகாம்போதியாகக் கொண்டால் அதன் கைக்கிளையில் (காந்தாரத்தில்) பிறக்கும் செவ்வழிப்பாலை இதுவே. இதைக் கண்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

சரிபார்க்க இன்னொரு வழி. ஸட்ஜத்தை 1 கட்டையிலேயே நிறுத்திக் கல்யாணியில் தொடங்குங்கள். மத்யமத்தை இறக்கினால் சங்கராபரணம், அடுத்து நிஷாதத்தை இறக்கினால் அரிகாம்போதி, காந்தாரத்தை இறக்கினால் கரகரப்பிரியா, தைவதத்தை இறக்கினால் நடபைரவி, ரிஷபத்தை இறக்கினால் தோடி. மேள எண்களில் 65, 29, 28, 22, 20, 8. ஒவ்வொரு படியிலும் ஒரு சுரம்தான் மாறுகிறது. கடைசியில் பஞ்சமத்தையும் இறக்குங்கள். 7 கட்டையில் கிடைத்த அதே அடுக்கு வரும். (கட்டைகளில் கமகம், அதாவது சுரத்தை அசைத்து வளைப்பது, வராது; ஆகவே மேலே தோடி என்றது தோடி மேளத்தை மட்டுமே. ராகத்துக்குக் குரலோ வீணையோ வேண்டும்.)

துருத்திச் சுருதிப்பெட்டி வாங்குகிறவர்கள் பன்னிரண்டு சுரங்களும் தனித்தனியே திறக்கக்கூடியதைக் கேட்டு வாங்குங்கள். ஸ-ப மட்டும் தரும் பெட்டியை ஒரு கடையில் என் தலையில் கட்டப் பார்த்தார்கள்; நான் அசையவில்லை.

அடுத்தது கறுப்புக் கட்டைகள். 4½ கட்டையில் மோகனம், 5½ கட்டையில் மத்யமாவதி, 6½ கட்டையில் இந்தோளம், 1½ கட்டையில் சுத்த சாவேரி, 2½ கட்டையில் சுத்த தன்யாசி. இந்தோளத்திலும் பஞ்சமம் கிடையாது, ஆகவே அங்கும் ஸ-ம சுருதிதான். 7 கட்டையில் அவரோகணத்தின்போது இன்னும் பிடி தளர்கிறது. அதற்குள் 6½ கட்டையில் கை வைத்துவிட்டேன்.