மனைவிக்கு விசா: காட்பாடியில இருந்து ஒரு நாட்குறிப்பு

ஜூன் 9, 2024, ஞாயிறு

இன்னிக்குல இருந்து தேதி போட்டு எழுதி வைக்கப்போறேன். என் மனைவிய இங்க கூட்டிட்டு வர எந்த விசா போடணும்னு ரெண்டு மாசமா ஆளாளுக்கு ஒண்ணு சொல்லி எது நிஜம் எது கேள்விப்பட்டதுன்னே தெரியாம குழம்பிக் கிடக்கேன்.

மொதல்ல எங்க நெலமை. நான் தோஹாவுல ஒரு ஆஸ்பத்திரியில பயோமெடிக்கல் டெக்னீஷியனா இருந்தேன், என் மனைவி அங்க நர்ஸ், அவ ஊரு பிலிப்பைன்ஸ்ல இலோய்லோ பக்கம். 2023 பிப்ரவரி 12 அவங்க ஊர்லயே கல்யாணம் பண்ணி ரிஜிஸ்டர் பண்ணோம். இந்த மார்ச்ல அப்பாவுக்கு ஸ்ட்ரோக். நான் வேலைய விட்டுட்டு வந்துட்டேன். சிஎம்சில 12 நாள் வச்சிருந்து இப்ப காட்பாடி வீட்ல தான் இருக்காரு, வலது பக்கம் கை கால் வரல. அவளுக்கு ஏப்ரல்ல கான்ட்ராக்ட் முடிஞ்சு அவ ஊருக்குப் போயிட்டா.

காலைல வீடியோ கால்ல அவ எங்க அம்மாவுக்கு சொல்லிக் கொடுத்துட்டு இருந்தா, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ அப்பாவ எப்படி திருப்பிப் படுக்க வைக்கணும்னு. அவ தம்பிய கட்டில்ல படுக்க வச்சு, தலைகாணிய நீளவாக்குல மடிச்சு முதுகுக்குப் பின்னாடி அண்டக் கொடுத்து, குதிகால் மெத்தைல படாம கணுக்காலுக்குக் கீழ துண்டு சுருட்டி வச்சு காமிச்சா. அம்மா அதே மாதிரி பண்றாங்க, அவ அங்க இருந்து "நோ நோ, அம்மா, மேல, மேல" ன்னு தமிழ்ல சொல்றா. எல்லாம் முடிஞ்சதும் அம்மா என்னப் பாத்து கேட்டாங்க, "அவள வரச்சொல்லேன்டா. மருமக வீட்டுக்கு வர்றதுக்கு கவர்மெண்ட்ட இன்னாத்துக்குடா கேட்டுகினு கீற?"

ஜூன் 14, வெள்ளி

பழைய பஸ்டாண்ட் பக்கம் ஒரு டிராவல்ஸ்ல போய் உக்காந்தேன். அவர் ரொம்ப ஈசியா சொல்லிட்டாரு, இ-டூரிஸ்ட் விசா போடுங்க சார், நாலஞ்சு நாள்ல மெயில்ல வந்துடும், வந்ததுக்கு அப்புறம் இங்க மாத்திக்கலாம், நிறைய பேரு அப்படித்தான் பண்றாங்கன்னு.

வீட்டுக்கு வந்து விசா வெப்சைட்ட வரி வரியா படிச்சேன். இ-விசாவ நீட்டிக்கவும் முடியாது வேற விசாவா மாத்தவும் முடியாதுன்னு தான் அங்க போட்டிருக்கு. இந்தியாக்காரங்கள கல்யாணம் பண்ணவங்களுக்கு விதிவிலக்கா மாத்திக் கொடுக்கறது உண்டு, ஆனா அது ஆபீசர் பாத்து முடிவு பண்றது, நாம உரிமையா கேக்க முடியாது. ஒரு வருஷ டூரிஸ்ட் விசா எடுத்தாலும் பிலிப்பைன்ஸ் பாஸ்போர்ட்டுக்கு ஒரு தடவைக்கு 90 நாள் தான். 89வது நாள் அப்பாவ அப்படியே விட்டுட்டு கொழும்புக்கோ எங்கயோ போயிட்டு வரணுமா?

அதவிட எனக்கு இடிச்சது இன்னொன்னு. ஃபார்ம்ல வர்ற காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அவ சுற்றிப் பாக்க வரல. எங்க வீட்ல வாழ வர்றா. மொத பேப்பர்லயே பொய் எழுதி அவ வாழ்க்கைய இங்க ஆரம்பிக்கணுமான்னு இருந்துச்சு.

ஜூன் 23, ஞாயிறு

இன்னிக்கு தான் தலைல வெளிச்சம் பட்டுச்சு, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

கடைசில எங்களுக்கு வேண்டியது ஓசிஐ கார்டு, அதாவது ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா. அது இருந்தா வாழ்நாள் முழுக்க வந்து போகலாம், ஃபாரினர்னு போய் ரிஜிஸ்டர் பண்ண வேண்டியதில்ல, வேலைக்கும் போகலாம். ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது, அது எங்களுக்கு பிரச்சனை இல்ல. குடியுரிமைச் சட்டம் 1955ல 7ஏ பிரிவு தான் இதுக்கு. கல்யாணம் ரிஜிஸ்டர் ஆகி தொடர்ந்து ரெண்டு வருஷம் ஆகியிருக்கணும், அதுக்கப்புறம் தான் அப்ளை பண்ணவே முடியும், செக்யூரிட்டி கிளியரன்சும் பாப்பாங்க. எங்க கணக்குல 2025 பிப்ரவரி 12. அப்ப அவசர அவசரமா ஏன் ரிஜிஸ்டர் பண்றீங்கன்னு கேட்ட அதே சொந்தக்காரங்களுக்கு சொல்லணும், அந்த தேதில இருந்து தான் இந்த கடிகாரம் ஓடிட்டு இருக்கு. இந்த மாதிரி கல்யாணம் பண்றவங்க யாரு படிச்சாலும் சொல்றேன், விருந்து எப்ப வேணா வச்சுக்கோங்க, ரிஜிஸ்ட்ரேஷன மட்டும் தள்ளிப்போடாதீங்க.

இப்ப கேள்வி, அந்த ஓசிஐய எங்க இருந்து போடறதுன்னு. பிப்ரவரி வரைக்கும் அவ அங்கயே இருந்து மணிலாவுல போடலாம், ஃபீஸ் 275 டாலர். இல்ல இங்க வந்து இருந்துட்டு இந்தியாவுலயே போடலாம், 15,000 ரூபா. ஆனா இங்க போடணும்னா டூரிஸ்ட் விசாவுல இருக்கறவங்க போடவே முடியாது, அதோட இங்க தொடர்ந்து ஆறு மாசம் தங்கியிருக்கணும். இந்த ரெண்டு வரிய டிராவல்ஸ்காரர் சொல்லவே இல்ல. அவர் சொன்ன வழில போயிருந்தா அவ இங்க இருக்கற ஒரு நாளும் கணக்குல வந்திருக்காது.

அப்ப மிச்சம் இருக்கறது எக்ஸ் விசா, அதுல எக்ஸ்-2ன்னு, இந்தியர் கணவன் மனைவிக்குன்னே இருக்கறது. அவ மணிலாவுல இருக்கற நம்ம எம்பசி வழியா போடணும். லேட் ஆகும், பேப்பர் நிறைய, வந்ததுக்கு அப்புறம் எஃப்ஆர்ஆர்ஓங்கற வெளிநாட்டுக்காரங்க பதிவு ஆபீஸ்ல ரிஜிஸ்டர் பண்ணணும். அந்த விசாவுல சம்பளத்துக்கு வேலை பாக்க முடியாது, இது தான் எனக்கு கஷ்டமா இருக்கு. பத்து வருஷம் ஐசியுல நின்னவ.

ராத்திரி அவகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தா. அப்புறம் சொன்னா, ஓசிஐ வர்ற வரைக்கும் எனக்கு ஒரு பேஷன்ட் போதும், உங்க அப்பா.

ஜூலை 2, செவ்வாய்

மாமா குடியாத்தத்துல இருந்து வந்திருந்தாரு. அவர் கேட்டது, ஏதாவது ஆஸ்பத்திரில வேலை வாங்கி எம்ப்ளாய்மென்ட் விசாவுல வரலாமேன்னு. வருஷத்துக்கு குறைஞ்சது 16.25 லட்சம் சம்பளம் இருந்தா தான் அந்த விசான்னு சொன்னதும் அவரே சிரிச்சுட்டாரு, நம்ம ஊர்ல நர்ஸுக்கு யாரு தர்றாங்க. நேரா குடியுரிமை வாங்கலாமான்னா இங்க ஏழு வருஷம் இருக்கணும், அதுவும் ரெட்டைக் குடியுரிமை நம்ம நாட்ல இல்ல, அவ பாஸ்போர்ட்ட விடணும். அத நான் அவகிட்ட கேக்கவே மாட்டேன்.

இன்னொன்னும் சொன்னாரு, வேலூர் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்ல திரும்ப ஒரு தடவ பண்ணிடு, 30 நாள் நோட்டீஸ் தானேன்னு. நல்ல மனசுல தான் சொன்னாரு. ஆனா ஏற்கனவே செல்லுபடியாகற கல்யாணம் இருக்கு, அதுக்கு அப்போஸ்டில், அதாவது ஒரு நாட்டு சர்டிபிகேட்ட இன்னொரு நாடு ஏத்துக்கறதுக்கான முத்திரை, வாங்கினா போதும், இந்தியாவும் பிலிப்பைன்ஸும் அந்த ஒப்பந்தத்துல இருக்கு. புது தேதில இன்னொரு சர்டிபிகேட் எடுத்து ரெண்டு வருஷக் கணக்க நானே குழப்பிக்க மாட்டேன்.

ஜூலை 11, வியாழன்

தூக்கம் வரல.

அவ அங்க பிஎஸ்ஏங்கற அவங்க நாட்டு புள்ளிவிவர ஆபீஸ்ல இருந்து கல்யாண சர்டிபிகேட் புது காப்பி வாங்கி ஸ்கேன் அனுப்பினா. பெருசு பண்ணி பாத்தா என் அப்பா பேர்ல ஒரு ஒய் எழுத்து அதிகமா இருக்கு. என் பாஸ்போர்ட்ல சர்நேமா இருக்கறது அப்பா பேரு, அதுல ஒய் கிடையாது. அங்க ஃபார்ம்ல முதல் பேரு, நடுப் பேரு, கடைசிப் பேருன்னு மூணு கட்டம், அவங்களுக்கு நடுப் பேருன்னா அம்மா வீட்டுக் குடும்பப் பேரு. நம்ம இனிஷியல் கணக்கு அதுல எங்கயும் உக்காராது. நான் அன்னிக்கு பதட்டத்துல கையால எழுதிக் கொடுத்தேன், என் தப்பு தான், என் பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட்ல ஒய் இருக்கும், அந்தப் பழக்கம் கைல வந்துடுச்சு.

ஒரு எழுத்துக்கு ஆறு மாசம் போயிடுமோன்னு நெஞ்சு அடிச்சுக்குது. அவ தான் தெம்பா இருக்கா. அவங்க ஊர்ல இந்த மாதிரி எழுத்துப் பிழைய கோர்ட்டுக்குப் போகாம லோக்கல் ரிஜிஸ்ட்ரார்கிட்டயே திருத்தலாமாம், ரிபப்ளிக் ஆக்ட் 9048னு 2001ல வந்த சட்டம். நாளைக்கே மனு கொடுக்கறேன்னா. அது முடிய டைம் ஆகும், அதுவரைக்கும் ரெண்டு ஸ்பெல்லிங்லயும் இருக்கறது ஒரே ஆள் தான்னு நான் இங்க நோட்டரி அஃபிடவிட் போட்டு அனுப்பறேன். ஓசிஐக்கு திருத்தின சர்டிபிகேட், விசாவுக்கு அஃபிடவிட்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. பாலாறு வழக்கம் போல மணல் தான், அம்மா வீட்டுக் கிணத்துக்கு மஞ்சள் குங்குமம் வச்சு கும்பிட்டாங்க.

விசா அப்ளிகேஷன் போன வாரம் உள்ள போயாச்சு. அப்போஸ்டில் சர்டிபிகேட், என் பாஸ்போர்ட் காப்பி, அழைப்புக் கடிதம், அஃபிடவிட், கல்யாண போட்டோ, வீட்டு இபி பில். வெளிநாட்டுக்காரங்கள கட்டிகிட்டவங்க அவங்க நாட்ட விட்டு கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு கவுன்சிலிங் போகணும்னு அவங்க கவர்மெண்ட் வச்சிருக்கு, அதுக்கும் போயிட்டு வந்தா. உன் புருஷன எவ்ளோ நாளா தெரியும், அங்க அடிச்சா யாருக்கு போன் பண்ணுவன்னெல்லாம் கேட்டாங்களாம். எனக்கு மொதல்ல சுருக்குன்னு இருந்துச்சு. அப்புறம் யோசிச்சா, நம்ம பொண்ணுங்க வெளிநாட்டு மாப்பிள்ளைய நம்பிப் போறப்ப இப்படி உக்கார வச்சு கேக்க ஒருத்தர் இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

எக்ஸ்-2 வந்துடுச்சு! ஒரு வருஷம், மல்டிபிள் என்ட்ரி. ஒய் எழுத்த பத்தி ஒரு கேள்வி கேட்டாங்களாம், அஃபிடவிட்ட காமிச்சதும் வாங்கிகிட்டாங்களாம். அப்பாகிட்ட சொன்னேன். இடது கையால என் கைய புடிச்சுகிட்டு விடவே இல்ல.

செப்டம்பர் 9, திங்கள்

நேத்து ராத்திரி சென்னை ஏர்போர்ட்ல இருந்து கூட்டிட்டு வந்தேன், கோலாலம்பூர் மாறி வந்தா. ஆற்காடு தாண்டறப்ப விடியற நேரம். வீட்டுக்கு வந்து ஆரத்தி எடுத்து முடிச்ச கையோட செருப்ப கழட்டிட்டு நேரா பாத்ரூம் போய் கைய முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவிட்டு அப்பா கட்டில்கிட்ட போனா. குதிகால தூக்கிப் பாத்தா, இடுப்பு எலும்புகிட்ட தோல அமுக்கிப் பாத்தா. ஒரு புண் இல்ல. அம்மாவ கட்டிப் புடிச்சுகிட்டா, ரெண்டு பேரும் அழுதாங்க.

நான் வெளிய உக்காந்து ஃபார்ம் சி போட்டேன். வெளிநாட்டுக்காரங்க தங்கினா வீட்டுக்காரங்க 24 மணி நேரத்துல போடணும், லாட்ஜுக்கு மட்டும்னு நிறைய பேரு நினைக்கறாங்க, வீட்டுக்கும் உண்டு.

செப்டம்பர் 19, வியாழன்

180 நாளுக்கு மேல தங்கற விசான்னா வந்த 14 நாளுக்குள்ள ரிஜிஸ்டர் பண்ணணும். எல்லாம் ஆன்லைன் தான், இ-எஃப்ஆர்ஆர்ஓ, சென்னைக்கு ஏலகிரி எக்ஸ்பிரஸ் புடிச்சு ஓட வேண்டியிருக்கும்னு பயந்தேன், தேவைப்படல. வீடு அப்பா பேர்ல இருக்கறதால என் மருமக இங்க என் வீட்ல தான் இருக்கான்னு அவர் ஒரு கடிதம் கொடுத்துட்டா நல்லதுன்னு நானே டைப் பண்ணேன். இடது கைல கையெழுத்து வரல. இங்க் பேட வாங்கிட்டு வந்து பெருவிரல அவ தான் புடிச்சா, உருட்டாம நேரா வச்சு எடுத்தா, அப்புறம் விரல தேங்காண்ணெய் போட்டுத் துடைச்சு விட்டா.

இன்னிக்கு மெயில்ல பெர்மிட் வந்துச்சு. மூணு காப்பி எடுத்து வச்சிருக்கேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

அவங்க நாட்ல செப்டம்பர் பொறந்தாலே கிறிஸ்துமஸ் ஆரம்பமாம். பெட்டில துணியவிட பத்திரமா ஒரு நட்சத்திர விளக்கு மடிச்சு கொண்டு வந்திருக்கா, பரோல்னு பேரு, மூங்கில் சட்டம், மேல சிப்பி மாதிரி வெள்ளைத் தகடு.

சர்ச்சுக்குப் போயிட்டு வந்து காலண்டர எடுத்து உக்காந்தோம். பிப்ரவரி 12 ரெண்டு வருஷம், மார்ச் 8 ஆறு மாசம். இடைல ஊருக்குப் போனா தொடர்ச்சி விட்டுப்போகும், ஆறு மாசம் மறுபடியும் மொதல்ல இருந்து. டிசம்பர்ல அவங்க அம்மா தனியா இருப்பாங்க. போயிட்டு வா, ஓசிஐ கொஞ்சம் லேட்டானா பரவாயில்லன்னு சொன்னேன், மனசார தான் சொன்னேன். அவ பதில் சொல்லல, காலண்டர திருப்பி ஆணில மாட்டிட்டு, ஸ்டூல் எங்கன்னு அம்மாகிட்ட கேட்டா.

வாசல்ல விநாயகர் சதுர்த்திக்கு கட்டின மாவிலை இன்னும் காஞ்சு தொங்கிட்டு இருக்கு. அதுக்குப் பக்கத்துலயே ஆணி அடிச்சு பரோல மாட்டினா. அம்மா வயர புடிச்சுகிட்டாங்க. அப்பா கட்டில ஜன்னல் பக்கமா தள்ளிப் போட்டிருக்கோம், அங்க இருந்து பாத்தா தெரியும்.

டிக்கெட்ட அவங்க அம்மாவுக்கு போட்டுடலாம்னு அவளே சொன்னா. அவங்களுக்கு டூரிஸ்ட் விசா போதும், நிஜமாவே சுத்திப் பாக்கத் தான் வர்றாங்க.