குளிர்காலத்தில் கோழிக் கொட்டகையை மூச்சு முட்ட அடைக்காதீர்கள்

கோழி வளர்க்க ஆரம்பித்த முதல் குளிர்காலத்தில் நான் செய்த மடத்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பனி கொட்டப் போகிறது என்று தெரிந்ததும் கொட்டகையில் இருந்த இண்டு இடுக்கு எல்லாவற்றையும் சாக்கும் பிளாஸ்டிக் தாளும் வைத்து அடைத்தேன், கூரையோரத்து வலைத் திறப்பைக்கூட விடவில்லை. மறுநாள் காலை கதவைத் திறந்தால் கண் எரிகிற நெடி. சன்னல் கண்ணாடியின் உள்பக்கம் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்து, வழிந்து, கீழே சட்டத்தில் உறைந்து கிடந்தது. நாலைந்து நாளில் சேவலின் கொண்டை நுனிகள் முதலில் வெளிறின, அப்புறம் கறுத்தன. பனிக்கடி, அதாவது கடுங்குளிரில் சதை உறைந்து செத்துப்போவது.

அந்தத் தண்ணீர் முழுக்கக் கோழிகளுடையதுதான். எச்சத்தில் முக்கால்வாசி தண்ணீர், மூச்சில் வருவது தனி. வெளியே போக வழி இல்லையென்றால் அது இறகில்லாத இடமாகப் பார்த்து, அதாவது கொண்டையிலும் தாடியிலும் படிந்து உறைய ஆரம்பிக்கிறது. வெறும் குளிரை வளர்ந்த கோழி நன்றாகவே தாங்கும். அதன் உடம்புச் சூடு சுமார் 41 டிகிரி செல்சியஸ், நம்மைவிட நாலு டிகிரி கூடுதல். இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்தால் உள்ளே சிக்குகிற காற்றுதான் அதன் போர்வை. இறகு நனைந்தாலோ, காற்று நேராக அடித்துக் கலைத்தாலோ போர்வை போச்சு.

அதனால் இப்போது கூரையோரத் திறப்புகள் எதிரெதிர்ப் பக்கம் எந்நேரமும் திறந்தே இருக்கின்றன, கோழி அடைகிற உயரத்துக்குக் கீழே மட்டும் நன்றாக அடைத்திருக்கிறேன். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அவை உட்காரும் இடத்தில் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டுப் பாருங்கள். அது படபடத்தால் எங்கேயோ தப்பு.

ராத்திரி கோழிகள் ஏறி உட்காருகிற கட்டையும் முக்கியம். உருட்டுக் கம்பில் விரல்கள் சுற்றிப் பிடித்துக்கொண்டு வெளியே நீட்டி நிற்கும். 4 அங்குல அகலமுள்ள தட்டைப் பலகை போட்டால் பாதத்தை அதில் பரப்பி, மேலே வயிற்றிறகை மூடி உட்கார்ந்துவிடும். நான் கட்டையை மாற்றிய ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒரு விரல்கூட வெளியே தெரியவில்லை.

தரையில் மரச்சீவலைத் தடிமனாகப் போட்டு, ஈரம் பட்ட இடத்தைக் கிளறி, மேலே புதிதாகப் போட்டுக்கொண்டே வருகிறேன். தண்ணீர்ப் பாத்திரம் உள்ளே வைப்பதில்லை. வெளியே இரண்டு ரப்பர் தொட்டிகள், காலையில் உறைந்ததைக் கவிழ்த்து ஒரு மிதி மிதித்தால் பனிக்கட்டி முழு வட்டமாக விழுந்துவிடும், இன்னொன்றில் வெதுவெதுப்பான தண்ணீர். சாயங்காலம் அடைவதற்கு முன் வழக்கமான தீவனத்தோடு கொஞ்சம் உடைத்த மக்காச்சோளம். ராத்திரி அது செரிக்கும்போது உடம்பு சூடாகும்.

சூட்டு விளக்கு போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: 250 வாட் பல்பு, கீழே காய்ந்த மரச்சீவல், சுற்றிலும் இறகும் தூசியும், அதற்கு நடுவே சிறகடித்துக் குதிக்கிற பிராணிகள். எனக்குத் தூக்கம் வராது. தீயை விடுங்கள், அந்தச் சூட்டுக்கே பழகிய கோழிக்குக் கடுங்குளிர் ராத்திரியில் மின்சாரம் போனால் என்ன ஆகும்? இலையுதிர் காலத்திலிருந்தே குளிரோடு பழகி வந்த கோழிக்கு அந்தப் பயம் இல்லை.

குஞ்சுகள் கதை வேறு, முதல் வாரத்தில் அவற்றுக்குச் சுமார் 35 டிகிரி வேண்டும், விளக்கோ தாய்க்கோழியோ இல்லாமல் முடியாது. இறகு பாதி உதிர்ந்து நிற்கிற கோழியையும், நோய்ப்பட்டதையும் வீட்டு ஓரமாக எங்காவது கொண்டுபோய் வைத்துவிடுவேன்.

முட்டை குறைந்தால் குளிரைத் திட்டாதீர்கள், பகல் வெளிச்சம் குறைவதுதான் பெரும்பாலும் காரணம். இடுகிற ஒன்றிரண்டையும் சீக்கிரம் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் உறைந்து ஓடு வெடித்துவிடும்.

அந்தச் சேவல் இன்னும் இருக்கிறது. கறுத்த நுனிகள் தானாக உதிர்ந்து, கொண்டை இப்போது பல் உடைந்த சீப்பு மாதிரி இருக்கிறது. தினமும் காலையில் கதவைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது சன்னல் கண்ணாடியை, அதற்கப்புறம்தான் அவனை.