கட்டாயம் என்று சொல்லிவிட்டேன்

2025 பெப்ரவரி மூன்றாம் வாரம். 2024 வைஆர்4 என்ற சிறுகோள் 2032 டிசெம்பர் 22 அன்று பூமியில் மோதும் நிகழ்தகவு 3.1 வீதம் என்று நாசா போட்டிருந்தது. வகுப்பு முடிய ஒரு பிள்ளை கேட்டாள்.

"சேர், போன மாதம் குறையும் எண்டனீங்கள். ஏறுதே?"

"ஏறித்தான் இறங்கும்."

"கட்டாயமோ?"

"கட்டாயம்."

ஏறும் என்றதில் பிழையில்லை. 2024 டிசெம்பர் 27 இல் சிலியிலுள்ள அற்லஸ் தொலைநோக்கி அதைக் கண்டபோது அது பூமியைக் கடந்து இரண்டு நாள். விலகி மங்கிக்கொண்டு போகிற கல்லைச் சில வாரம் அளந்து, எட்டு வருடம் முன்தள்ளிக் கணித்தால், அன்று கல் நிற்கக்கூடிய இடம் ஒரு புள்ளியாக வராது. நீண்ட கோடாகத்தான் வரும். கோடு 10 இலட்சம் கிலோமீற்றர் என்று வையுங்கள். பூமியின் விட்டம் 12,742, கோட்டில் அதன் பங்கு 1.3 வீதம். புதிய அளவீடுகள் இரு முனையையும் வெட்டிக் கோட்டை 4 இலட்சமாக்கினால், பூமி இன்னும் உள்ளே நிற்குமட்டும் பங்கு 3.2 வீதம். கல் கிட்ட வரவில்லை, கோடுதான் குறுகியது. (பூரணை வாரத்தில் நிலவொளியால் அளக்கவே முடியவில்லை, அது முடிந்து அளந்தபோதுதான் 3.1.) இன்னுமொரு வெட்டில் பூமி கோட்டுக்கு வெளியே போனால் பூச்சியம்.

போகாவிட்டால் 100. அதை நான் சொல்லவில்லை. 3.1 வீதம் என்பது 32 சீட்டில் ஒன்று: 31 பூச்சியத்துக்கும் ஒன்று 100க்கும் போகும். தொடக்கத்தில் எல்லாம் ஒரே மாதிரித்தான் ஏறும். எந்தச் சீட்டு என்று அன்று யாருக்கும் தெரியாது.

சோதனைக்குப் படிக்கிற பிள்ளை. மோதக்கூடிய பாதை பசிபிக்கில் தொடங்கித் தெற்காசியா வரை நீண்டது. வட்சப் படங்களில் அது எங்கள் தலைக்கு மேலாலேயே போனது. வேறென்ன சொல்ல? சொல்லியிருக்கலாம்: உலகத்தை அழிக்கிற கல் இல்லை, 40 முதல் 90 மீற்றர்தான், 2028 இல் திரும்பி வரும்போது மறுபடி அளக்கலாம், விழுவதென்றாலும் இடம் முன்கூட்டியே தெரியும், அங்கிருந்து சனத்தை எழுப்பலாம். ஆனால் 1908 இல் ரஷ்யாவின் துங்குஸ்காவில் கிட்டத்தட்ட அந்தப் பருமனில் வந்த ஒன்று 2,000 சதுர கிலோமீற்றருக்கு மேல் காட்டைச் சாய்த்தது. யாழ் மாவட்டம்போல் இரண்டு மடங்கு. அதையும் சொல்லிவிட்டுப் பயப்படாதே என்பதா? இடம்பெயர்ந்த கதை கேட்டு வளர்ந்த பிள்ளையிடம் 'சனத்தை எழுப்பலாம்' என்பது ஆறுதலா என்றும் தெரியவில்லை.

24 ஆம் திகதி 0.004 வீதம். "சேர் சொன்னது சரி" என்றாள். கொப்பியில் எழுதியும் வைத்திருந்தாள்: ஏறினால் இறங்கும். சரியான விடை, பிழையான செய்வழி. சோதனைத்தாளில் என்றால் புள்ளி வெட்டியிருப்பேன். இதில் வெட்டவேண்டியது என்னுடைய புள்ளி.

யூனில் அதே கல் சந்திரனில் மோதும் நிகழ்தகவு 4.3 வீதமானது.

"சேர், அதுவும் ஏறிப்போட்டு இறங்கும், என்ன?"

"ம்" என்றேன்.